கேஸ் எங்கே போகிறது? பழைய கார் ஏசி: கேள்வி – பதில்

கத்திரி வெயில் வருவதற்கு முன்பே கார் ஏசி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலும் 15, 20 வருடம் ஓடிய வண்டிகள். ஒரே தொல்லையைப் பலர் எழுதியிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னுடையது 2004 சான்ட்ரோ. ஒவ்வொரு மார்ச் மாதமும் கேஸ் போடுகிறேன். ஆடி பிறப்பதற்குள் குளிர்ச்சி போய்விடுகிறது. "பழைய வண்டி சார், கேஸ் தீரத்தான் செய்யும்" என்கிறார் மெக்கானிக். வருடா வருடம் போட்டுத்தான் ஆகவேண்டுமா?
– வாசகர், திருச்சி

பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல ஏசி கேஸ். கம்ப்ரஸர் (கேஸை அழுத்தும் பம்ப்), கன்டென்சர் (வண்டியின் முன்னால் ரேடியேட்டர் போல இருந்து வெப்பத்தை வெளியே விடுவது), எக்ஸ்பான்ஷன் வால்வு (அழுத்தத்தைக் குறைக்கும் சின்ன துவாரம்), கூலிங் காயில் (கேபின் காற்றைக் குளிர்விப்பது), மறுபடி கம்ப்ரஸர் என்று ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கசிவால் குளிர்ச்சி குறைய சில வருடங்கள் பிடிக்கும். நாலு மாதத்தில் போகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்புகிறவர் அடுத்த மார்ச்சுக்கும் உங்களை வாடிக்கையாளராக உறுதி செய்துகொள்கிறார், அவ்வளவுதான்.

வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே அழுத்தம் காட்டும் இரட்டை முள் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். உள்ளே திரவமாகக் கொஞ்சம் கேஸ் இருந்தாலும், ஆர் 134ஏ என்ற கேஸ் போட்ட வண்டியில் இரண்டு முள்ளும் வெளி வெப்பத்துக்கு ஏற்ற அழுத்தத்தைக் காட்டும். 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. அதற்கு வெகுவாகக் கீழே, 50 அல்லது 60 என்று நின்றால் கேஸ் கிட்டத்தட்டக் காலி. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். 97 காட்டினால் "கேஸ் இருக்கிறது" என்றுதான் அர்த்தம், "போதுமான அளவு இருக்கிறது" என்று அல்ல. 100 கிராம் திரவம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். நிற்கிற வண்டியில் முள்ளைப் பார்த்துக் கேஸ் அளவைச் சொல்பவரை நம்பாதீர்கள்.

ஓட்டையைத் தேடும்போது முதலில் கண்ணுக்கு வேலை கொடுங்கள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும். அதில் புழுதி ஒட்டும். குழாய் மூட்டில் கறுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்குத் திட்டு இருந்தால் சந்தேகம் அங்கேதான். கம்ப்ரஸரின் முன்பக்கக் கிளட்ச் தட்டைச் சுற்றி ஆயில் வட்டமாகத் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. கன்டென்சரின் கீழ் மூலைகளில் கல்லடி பட்டிருக்கும். எல்லோரும் விட்டுவிடும் ஓர் இடம், கேஸ் அடிக்கும் வால்வு. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன வால்வு பின்னை மாற்றினால் போதும். ஒரு டீ, வடை செலவு.

கண்ணுக்குத் தெரியாவிட்டால், உள்ளே இருக்கும் மிச்ச கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை நிறுத்தி, மூட்டு மூட்டாக சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஈரம் உள்ளே போகும். ஆக்ஸிஜன் சிலிண்டரை நினைத்தும் பார்க்காதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான் பிடிபடாத கள்ளன். அதற்குக் கேஸ் டிடெக்டர் வேண்டும். ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும் டியூபின் வாயில் வைத்துப் பாருங்கள். ஆர் 134ஏ காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி அங்கேதான் வரும்.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. பல கடைகளில் சுருக்கிவிடும் வேலை இதுதான். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வர, 30 டிகிரி நாளில் முள் 28.7 இஞ்சை (பாதரச அளவு) தாண்டவேண்டும். 25 இஞ்சில் நிறுத்தினால் காற்று பெரும்பாலும் போயிருக்கும், தண்ணீர் அப்படியே இருக்கும். குறைந்தது 30 நிமிடம், ஐப்பசி மழைக்காலம் என்றால் 45 நிமிடம் பம்ப் ஓடட்டும். பிறகு வால்வை மூடி 15 நிமிடம் காத்திருங்கள். முள் அசையக் கூடாது. (ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு: உங்கள் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. கேஜ் 23 இஞ்சை ஒட்டித்தான் காட்டும். பம்ப் கெட்டுவிட்டது என்று சண்டை போடவேண்டாம்.)

கடைசியாக, கேஸைத் தராசில் வைத்துப் போடச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களுக்குப் பொதுவாக 400 முதல் 600 கிராமுக்குள். "ஒரு கேன், ஒன்றரை கேன்" என்பது அளவே அல்ல. சிஸ்டத்தைத் திறந்தாயிற்று என்றால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் புதிதாகப் போடவேண்டும், கழற்றிய இடத்தில் எல்லாம் ஓ-ரிங்கையும் மாற்றவேண்டும்.

கேள்வி: 2006 வேகன் ஆர். ஓஎம்ஆரில் ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் வெறும் காற்று. கேஸ் குறைவு என்று இரண்டு முறை போட்டாகிவிட்டது. இப்போது முன்னைவிட மோசம்.
– வாசகர், சென்னை

மோசமாகத்தானே ஆகும்! கேஸ் இப்போது அதிகமாக இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று கன்டென்சரைக் குளிர்விக்கிறது, நின்றால் அந்த வேலையை ஃபேன் செய்யவேண்டும். உங்கள் வண்டியில் அது செய்யவில்லை.

வண்டியை ஐடிலில் நிறுத்தி, ஏசி ஓடும்போது, ஒரு குடம் தண்ணீரை முன் கிரில் வழியாகக் கன்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே ஜில்லென்று வந்தால் கோளாறு ஃபேனிலோ அடைபட்ட கன்டென்சரிலோதான். அடுத்து ஒரு தாள் பேப்பரைக் கன்டென்சரின் முன்னால் பிடியுங்கள். ஃபேன் நன்றாக இழுத்தால் பேப்பர் ஒட்டிக்கொண்டு நிற்கும். விழுந்தால் ஃபேன் சரியாக இழுக்கவில்லை. சுற்றியும் பேப்பர் உங்கள் பக்கம் பறந்தால், ஃபேனின் இரண்டு ஒயரும் மாறியிருக்கின்றன. மோட்டாரை மாற்றிய வண்டிகளில் இது நடக்கும். சுற்றுகிறது, ஆனால் காற்றை முன்பக்கம் தள்ளுகிறது; யாரும் கவனிப்பதில்லை.

ஃபேன் சுற்றவே இல்லையென்றால் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். நன்றாகச் சுற்றினால் ரிலே, ஃபியூஸ், ஒயரிங்கைப் பாருங்கள். தள்ளிவிட்டால் மட்டும் சுற்றினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சி, பஞ்சு, மண் என்று ஒரு போர்வையே இருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இதெல்லாம் முடிந்ததும் கூடுதல் கேஸை மெஷினில் எடுத்து, தராசில் சரியாகப் போடவேண்டும். காற்றில் திறந்துவிடச் சம்மதிக்காதீர்கள். புவியைச் சூடாக்குவதில் ஆர் 134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 1,430 மடங்கு வலியது.

கேள்வி: இண்டிகா டாக்ஸி ஓட்டுகிறேன். காலையில் ஏசி அருமையாக இருக்கும். மதியம் 1 மணிக்கு மேல் கம்ப்ரஸர் "டக்" என்று பிடிப்பதே இல்லை. சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், மதுரை

மாற்றவேண்டாம், பொறுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் கிளட்ச் இடைவெளிக்கு அப்படியே பொருந்துகிறது.

கம்ப்ரஸரின் முன்னால் பெல்ட்டோடு எப்போதும் சுற்றும் புல்லி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தட்டு. ஏசி போட்டதும் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி, தட்டைப் புல்லியோடு இழுத்து ஒட்டுகிறது. புதிதில் இரண்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. வருடக்கணக்கில் ஒட்டி விலகித் தேய்ந்து அது 0.8, 1 மில்லிமீட்டர் என்று அகலமாகிவிடும். காயிலில் இருப்பது செப்புக் கம்பி. வெப்பம் 70 டிகிரி ஏறினால் அதன் மின்தடை சுமார் 27 சதவீதம் கூடும், அதனால் மின்னோட்டம் குறைந்து காந்தமும் தளரும். காலையில் எட்டிப் பிடிக்கிற தூரத்தை மதியம் பிடிக்க முடிவதில்லை.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஏசி நின்றிருக்கும் அந்த மதிய நேரத்தில்தான் பார்க்கவேண்டும். காயில் ஒயரில் 12 வோல்ட்டுக்கு மேல் வந்தும் தட்டு பிடிக்கவில்லையென்றால் இடைவெளி, அல்லது காயில். 10 வோல்ட் அளவில் வந்தால் ரிலே பாயிண்ட் கருகியிருக்கும், அல்லது எர்த் சரியில்லை. வோல்ட்டே வரவில்லையென்றால் கிளட்ச் மேல் பழியில்லை. பிரஷர் ஸ்விட்ச், தெர்மிஸ்டர் (கூலிங் காயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சார்), ரிலே என்று பின்னோக்கிப் போகவேண்டும். குறிப்பாக ஹை சைடு (கம்ப்ரஸர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) அழுத்தம் 450 பிஎஸ்ஐயை ஒட்டினால் பிரஷர் ஸ்விட்ச் தானே கட் செய்யும். மதிய வெயிலில் ஃபேன் சரியில்லாத வண்டியிலும் இதே அடையாளம்தான் தெரியும். ஆகவே வோல்ட் பார்க்காமல் தட்டைக் கழற்றாதீர்கள். ஆறிய காயிலின் மின்தடை பொதுவாக 3 முதல் 4 ஓம்ஸ்.

இன்ஜினை அணைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மூன்று இடங்களில் விட்டு இடைவெளியை அளக்கவும். அதிகமாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்தால், ஷாஃப்ட் மேல் மெல்லிய வாஷர்கள் ஒன்றிரண்டு இருக்கும். இவைதான் ஷிம். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மாட்டி அளந்து பாருங்கள். இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டால் ஏசி அணைத்திருக்கும்போதும் தட்டு உரசிக் கருகும். சுற்றும் புல்லி பக்கம் தோளில் துண்டோடு குனியவேண்டாம்.

கேள்வி: நெடுந்தூரம் போகும்போது முதல் ஒரு மணி நேரம் பிரமாதம். பிறகு ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது, காற்று வருவதில்லை. டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பினால் சரியாகிவிடுகிறது, வண்டிக்கு அடியில் தண்ணீர் குளம்போல் நிற்கிறது.
– வாசகர், கோவை

கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டியிருக்கிறது. காற்று நுழைய இடமில்லை. டீக்கடையில் அது உருகியதுதான் அந்தக் குளம்.

காயில் 1 முதல் 3 டிகிரிக்கு வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தவேண்டியது தெர்மிஸ்டர் (பழைய மாடல்களில் மெல்லிய குழாயுள்ள தெர்மோஸ்டாட்). அது கெட்டிருக்கும், அல்லது முன்பு காயிலைக் கழற்றியபோது தகடுகளுக்குள் சொருகாமல் வெளியே தொங்கவிட்டிருப்பார்கள். தெர்மிஸ்டரை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். சில நொடியில் கம்ப்ரஸர் நிற்கவேண்டும், கையில் பிடித்துச் சூடாக்கினால் மறுபடி பிடிக்கவேண்டும். காயிலில் புழுதி அடைத்திருந்தாலும் ஐஸ் கட்டும், ஆகவே அதையும் பார்க்கவும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நோய் உண்டு. காற்று முழு வேகத்தில் வரும், ஆனால் குளிர்ச்சி மட்டும் திடீரென்று போகும். 10 நிமிடம் அணைத்துவிட்டுப் போட்டால் திரும்ப வரும். அது சிஸ்டத்துக்குள் புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் உறைவது. அப்போது லோ சைடு (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கம்) முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். புது ட்ரையர், முழு வேக்கம் – வேறு வழியில்லை.

கேள்வி: கேஜ் மாட்டியதில் நீலம் 75, சிவப்பு 140 காட்டுகிறது. ஒருவர் கேஸ் அதிகம் என்கிறார், இன்னொருவர் குறைவு என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், ஈரோடு

இருவரையும் வேண்டாம். 35 டிகிரி வெயிலில், 1,500 ஆர்பிஎம்மில், ஆர் 134ஏ வண்டியில் லோ சைடு (நீலம்) 30 முதல் 45, ஹை சைடு (சிவப்பு) 200 முதல் 250 பிஎஸ்ஐ இருப்பது ஆரோக்கியம். கேஸ் குறைந்தால் இரண்டும் இறங்கும். அதிகமானால் இரண்டும் ஏறும். உங்களுக்கு ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, இரண்டும் நெருங்கி வருகின்றன. கம்ப்ரஸர் அழுத்தவில்லை என்று பொருள்.

ஆனாலும் முதலில் பெல்ட் வழுக்குகிறதா, கிளட்ச் தட்டு முழுதாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். அப்போதும் சிவப்பு ஏறாமல், ஏசியை அணைத்த சில நொடியில் இரண்டு முள்ளும் ஒன்றாகிவிட்டால் உள்ளே வால்வு அல்லது பிஸ்டன் ரிங் போய்விட்டது. அழுத்தும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வு உள்ள கம்ப்ரஸராக இருந்தால் அந்த வால்வை மட்டும் மாற்றிப் பார்ப்பது லாபம். எக்ஸ்பான்ஷன் வால்வு திறந்தபடியே சிக்கினாலும் நீலம் ஏறும், ஆனால் அப்போது தடித்த குழாய் கம்ப்ரஸர் வரைக்கும் வியர்த்துச் சில்லென்று இருக்கும்.

கேள்வி: 1995 மாருதி 800. ஆர் 12 கேஸ் கிடைப்பதில்லை. எதையும் மாற்றாமல் "அதுக்குப் பதில் கேஸ்" போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், புதுச்சேரி

அது என்ன கேஸ் என்று கேளுங்கள். ஹைட்ரோகார்பன் என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். புரோப்பேன், ஐசோபியூட்டேன் கலவை அது; சமையல் கேஸின் உறவு. உள்ளதைச் சொன்னால் நன்றாகவே குளிரும், பழைய ஆயிலோடும் ஒத்துப்போகும். ஆனால் காற்றில் 2 சதவீத அளவுக்குக் கலந்தாலே பற்றும். கூலிங் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால், கேபினுக்குள். 30 வருடக் காயிலை நம்பி அந்தக் கேஸை உள்ளே வைக்க முடியாது.

1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஓசோனைத் தின்னும் ஆர் 12 போன்றவற்றை வளரும் நாடுகளும் 2010க்குள் கைவிட்டன. ஆகவே ஆர் 134ஏவுக்கு மாறுவதே நேர்வழி. ஆனால் வெறுமனே கேஸை மாற்றினால் கம்ப்ரஸர் மாட்டிக்கொள்ளும். ஆர் 12இன் மினரல் ஆயில் ஆர் 134ஏயில் கரையாது. கேஸ் சுற்றும், ஆயில் காயிலின் அடியில் தேங்கும், கம்ப்ரஸர் காய்ந்து சிக்கும்.

கம்ப்ரஸரை இறக்கிக் கவிழ்த்து, கையால் சுற்றிப் பழைய ஆயிலை வடிக்கவேண்டும். குழாய்களையும் காயிலையும் ஃப்ளஷ் செய்து (உள்ளே கழுவி) நைட்ரஜனால் உலர்த்தவும். புது ஆயிலாக எஸ்டர் வகையைக் கேளுங்கள். மினரல் ஆயிலின் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் அது தாங்கும், ஆர் 134ஏவுக்கான இன்னொரு வகையான பிஏஜி ஆயில் அவ்வளவு தாங்காது. ட்ரையர் ஆர் 134ஏவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். ஓ-ரிங் எல்லாம் பச்சை நிற எச்என்பிஆர் ரப்பர். வால்வு முனைகளில் அடாப்டர் போட்டுவிட்டு, எந்தக் கேஸ், எந்த ஆயில் என்று எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவையுங்கள். கேஸ் அளவு பழைய ஆர் 12 எடையில் 80 முதல் 90 சதவீதம்தான். முன்புபோல் குளிராது என்று சிலர் குறைப்படுவார்கள். பழைய கன்டென்சரால் வெப்பத்தைப் போதுமான அளவு வெளியேற்ற முடியாமல் ஹை சைடு அழுத்தம் ஏறுவதுதான் காரணம். பேரலல் ஃப்ளோ கன்டென்சரும் (கேஸ் பல மெல்லிய துவாரங்களில் ஒரே நேரத்தில் ஓடும் வகை) நல்ல ஃபேனும் போட்டால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கம்ப்ரஸர் சிக்கிக்கொண்டது. கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், திருநெல்வேலி

குழாயைக் கழற்றி ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அவர்கள் சொல்வது ஓரளவு சரி, ட்ரையரையும் சேர்த்து மாற்றவும். வெள்ளி மினுக்கலோ கறுப்புக் குழம்போ இருந்தால் கதை வேறு. உடைந்த அலுமினியத் தூள் கன்டென்சர்வரை போயிருக்கும். பேரலல் ஃப்ளோ கன்டென்சரின் துவாரங்கள் தலைமயிர் போன்றவை, எந்த ஃப்ளஷும் அதைச் சுத்தம் செய்யாது. கன்டென்சர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் மாற்றி, கூலிங் காயிலையும் ஹோஸையும் ஃப்ளஷ் செய்யவேண்டும். செலவு பெரிதுதான்; மிச்சம் பிடித்தால் புது கம்ப்ரஸரும் அதே தூளைத் தின்றுவிடும். புது கம்ப்ரஸரில் ஆயில் ஏற்கெனவே இருக்கிறதா, எத்தனை மில்லி என்று கேட்டுக்கொண்ட பிறகே கூடுதலாக ஊற்ற விடுங்கள்.

கேள்வி: கேஸ் சரி, கேஜ் சரி, தடித்த குழாய் சில்லென்று வியர்க்கிறது. உள்ளே மட்டும் சுமாரான குளிர்ச்சி.
– வாசகர், வேலூர்

ஹீட்டர் கலக்கிறது. இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸில் ஒன்றைத் துணி சுற்றிய கிளாம்பால் இறுக்கிப் பிடித்து 5 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். குளிர்ச்சி கூடினால் ஹீட்டர் வால்வோ உள்ளே இருக்கும் ஃபிளாப்போ முழுதாக மூடவில்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் நழுவியிருக்கும். அப்படியே ரீசர்குலேஷன் ஃபிளாப்பையும் (வெளிக்காற்றை மூடி உள்காற்றையே சுற்றவிடுவது) பாருங்கள். 35 டிகிரி நாளில் நடு வென்ட்டில் 7 முதல் 10 டிகிரி காட்டினால் அதற்கு மேல் ஆசைப்படவேண்டாம்.

கேள்வி: பக்கத்து சீட் காலடியில் மிதியடி நனைகிறது.
– வாசகர், நாகர்கோவில்

தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ட்ரெயின் டியூப் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய ஒயரை மெதுவாக விட்டு, குறைந்த காற்றில் ஊதினால் திறக்கும். அழுத்திக் குத்தினால் காயில் ஓட்டையாகும். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது, இன்ஜின் சூடேறும் முன் கவனியுங்கள்.

கேள்வி: கம்ப்ரஸர் பக்கம் உறுமல் சத்தம். பேரிங்கா, கம்ப்ரஸரா?
– வாசகர், தஞ்சாவூர்

ஏசி அணைத்திருந்தும் உறுமினால் புல்லி பேரிங்; அதை மட்டும் மாற்றலாம். ஏசி போட்டால்தான் உறுமுகிறது என்றால் கம்ப்ரஸரின் உள்ளே. ஸ்டார்ட்டிங்கில் மட்டும் "கீச்" என்றால் பெல்ட்டை இறுக்குங்கள்.

கேள்வி: ப்ளோயர் 4இல் மட்டும் ஓடுகிறது. 1, 2, 3 வேலை செய்யவில்லை.
– வாசகர், கடலூர்

ரெசிஸ்டர். ப்ளோயர் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். மாற்றும்போது சாக்கெட் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உருகியிருந்தால் ப்ளோயர் மோட்டார் இறுகி அதிக ஆம்பியர் இழுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரெசிஸ்டர் போட்டால் அதுவும் எரியும்.